அரவின் உள்ளம்: அரபு அறிஞர் நோக்கும் தமிழக நடப்பும்

பாம்பை வீட்டில் வைத்து வளர்ப்போர் மேலைநாடுகளில் பல்லாண்டுகளாகவே உண்டு. அவ்வழக்கம் இப்போது இந்தியப் பெருநகரங்களிலும் தலைகாட்டியிருக்கிறது. பின்னலாடை வணிகத்தின் பொருட்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று திரும்பும் நம் திருப்பூர்ப் பகுதி இளைஞர்கள், அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் மலைப்பாம்பு வளர்ப்பாரைக் கண்டுவந்து வியப்போடு பேசுகின்றனர். தம் பாம்பு தம்மை அறியும், தம் கையில் அமைதி கொள்ளும், பிறர் கையில் நெளிந்து விலகும், ஆகவே அதற்கு அன்பு உண்டு என்பது வளர்ப்போர் கூற்று. மறுப்போர், கை வெதுவெதுப்பாக இருக்கிறது, பாம்பு வெப்பத்தை நாடுகிறது, அதற்கு இருப்பவை விருப்பமும் விருப்பமின்மையுமே அன்றி உணர்ச்சிகள் அல்ல என்கின்றனர்.

இவ்விவாதம் இக்காலத்துக்கே உரியது போலத் தோன்றும். ஆயினும் விலங்குகளின் உள்ளம் பற்றிய இக்கேள்வியை அரபு மொழியில் எழுதிய அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பியுள்ளனர். அவர்களுள் ஒருவர் தந்துள்ள விடை இன்றைய ஆய்வாளரும் பொருட்படுத்தத்தக்கது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் நம் மண்ணில் பாம்பின் உள்ளம் பற்றி நிலவும் எண்ணங்களைச் சற்றுப் பார்த்துவிடுவது நலம்.

கொங்கு நாட்டில் பாம்பு புதிய விருந்தாளி அன்று. காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளின் கிளுவை வேலிகளிலும், கடலைக் காடுகளிலும், கிணற்றுக் கற்கட்டுகளிலும் அது என்றும் வாழ்ந்தே வந்திருக்கிறது. பனியன் கம்பெனிகள் பெருகிய பின்னர் கட்டிங் வேஸ்ட் குவித்து வைக்கும் கிடங்குகளும் அதற்கு இடமாயின. எலி இருக்கும் இடத்துக்கு அது வருகிறது, அவ்வளவே. ஆனால் நம் மக்கள் அதன் வருகைக்கு வேறு காரணம் கற்பிப்பர். நாகம் பழி வாங்கும் என்பர். தன்னை அடித்தவன் முகத்தைக் கண்ணில் பதித்துக்கொள்ளும் என்பர். அதன் துணை தேடி வரும் என்பர். 1979இல் வெளியான 'நீயா?' என்னும் திரைப்படம் இந்நம்பிக்கையைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றது. மறுபுறம், பால் வார்த்தவரையும் கடிக்கும் நன்றி கெட்ட உயிர் என்று அதனை ஏசுவோரும் நாமே. பழியும் நன்றிகேடும் மனித உறவுக்குள் மட்டுமே பொருள்படும் குணங்கள். பாம்பு தன்னை நேசிப்பதாகக் கூறும் மேலைநாட்டு வளர்ப்பாளரும், அது வன்மம் வைத்திருப்பதாக அஞ்சும் நம் ஊர்ப் பெரியவரும் இவ்வகையில் ஒரே பிழையின் இரு பக்கத்தார் என்றே நாம் கருதுகிறோம்.

இப்பிழையை விலக்கி, கண்டதைக் கண்டபடி எழுத முயன்ற முன்னோடி பஸராவின் அல்ஜாஹிழ் (இறப்பு ஹி. 255 / கி.பி. 868-69) ஆவார். இவருடைய 'கிதாபுல் ஹயவான்' அப்துஸ் ஸலாம் ஹாரூன் பதிப்பில் ஏழு பாகங்களாக அமைந்துள்ளது. நான்காம் பாகத்தில் பாம்புகளுக்கென நீண்டதொரு பகுதி உண்டு. கவிஞர்களின் பாடல்களையும், அரிஸ்டாட்டிலின் கூற்றுகளையும், பாம்பாட்டிகளின் வாய்மொழியையும் அருகருகே வைத்து அவர் எடை போடுகிறார். பாம்பாட்டியை அறிவின் மூலமாகக் கொள்ள அவர் தயங்கவில்லை. கேட்டதையெல்லாம் நம்பவும் இல்லை.

இரட்டைத்தலைப் பாம்பைப் பற்றி அவர் எழுதியிருப்பது சுவையானது. அப்படி ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டுப் பாலைவன அரபி ஒருவரிடம் விசாரிக்கிறார். உண்மைதான் என்கிறார் அவர். அப்படியானால் எந்தத் தலையின் பக்கமாக அது ஊர்கிறது, எதனால் உண்கிறது, எதனால் கடிக்கிறது என்று அல்ஜாஹிழ் துருவுகிறார். அது ஊர்வதில்லை, மணலில் சிறுவர் புரள்வது போலப் புரண்டு செல்கிறது. ஒரு வாயால் பகலுணவும் மறு வாயால் இரவுணவும் கொள்கிறது. கடிக்கும்போது மட்டும் இரண்டாலும் சேர்ந்து கடிக்கிறது என்று விடை வருகிறது. படைப்பினங்களில் இவரைப் போன்ற பொய்யர் இல்லை என்று முடித்துவிடுகிறார் அல்ஜாஹிழ். நம் பகுதியில் 'இருதலை மணியன்' என வழங்கும் மண்ணுளிப் பாம்பை இலட்சக்கணக்கில் விலை பேசி ஏமாற்றுவோரும் ஏமாறுவோரும் இன்றும் இருப்பதை எண்ணுகையில், அந்தத் துருவல் நமக்கு இன்னும் தேவைப்படுகிறது எனலாம். மொட்டையான வால் தலை போலத் தோன்றுவதன்றி அப்பாம்புக்கு இரண்டாம் தலை இல்லை.

அதே பகுதியில் பாம்புகள் எவற்றை விரும்பும், எவற்றை வெறுக்கும் என்று அல்ஜாஹிழ் ஒரு பட்டியலும் தருகிறார். ஸதாப் இலையின் மணம் அவற்றுக்கு ஆகாதாம்; முலாம்பழமும், பாலும், மதுவும் பிடிக்குமாம். (நம் நாட்டு மருந்துக் கடைகளில் சதாப்பு இலை என விற்கப்படுவது அதுவே.) பாலைப் பற்றிய இச்செய்தி பஸராவுக்கும் நம் புற்றுக் கோயில்களுக்கும் பொதுவாக இருப்பது வியப்பே. எனினும் பாம்பு ஊனுண்ணி. பால் அதன் உணவன்று. நீரின்றி வாடிய பாம்பே கிடைத்த நீர்மத்தைக் குடிக்கிறது. பட்டியல் பிழைபட்டிருக்கலாம். ஆனால் பாம்பின் விருப்பங்களைப் பட்டியலிட்டுச் சோதிக்கத்தக்க செய்திகளாக அவர் முன்வைத்ததே நமக்கு முக்கியம்.

அல்ஜாஹிழுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே பஸராவைச் சார்ந்த இக்வானுஸ் ஸஃபா குழுவினர், ஜின்களின் அரசன் அவையில் விலங்குகள் மனிதர்மீது வழக்குத் தொடுப்பதாக ஒரு நெடுங்கதை எழுதினர். அதில் ஊர்வனவற்றின் அரசன் பாம்பு. வாயும் செவியும் அற்ற தன் குடிகளை எண்ணி அது இரங்குகிறது. அவைக்குத் தூதாகச் சில்வண்டை அனுப்புகிறது. அழகிய கற்பனை. ஆனால் மனிதரின் செருக்கைக் கடிய எழுந்த அக்கதையைப் பாம்பின் உள்ளத்துக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

சான்றுக்கும் விளக்கத்துக்கும் நாம் இப்னு ஸீனாவிடமே (ஹி. 370-428 / கி.பி. 980-1037) செல்ல வேண்டும். அவருடைய 'கிதாபுஷ் ஷிஃபா'வில் ஆன்மாவைப் பற்றிய 'நஃப்ஸ்' பகுதி, விலங்கின் ஆற்றல்களை முறையாக வகுக்கிறது. விலங்கை இயக்கும் நாட்டம் இரு கிளைகளாகப் பிரிகிறது என்பது அவர் கருத்து. இன்பம் தருவதை நோக்கிச் செலுத்துவது ஷஹ்வத். தீங்கைத் தள்ளி வெல்லச் செலுத்துவது கழப். இவற்றோடு வஹ்ம் என்னும் மற்றோர் ஆற்றலும் விலங்குக்கு உண்டு. ஓநாயின் நிறத்தையும் உருவத்தையும் ஆட்டின் கண் காண்கிறது; ஆனால் 'இது பகை' என்பது கண்ணுக்குப் புலப்படும் பொருளன்று. அதனை உணர்ந்து ஆட்டை ஓடச் செய்வதே வஹ்ம். இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்னர், மனிதனுக்கே உரியவை எவை என்று ஐந்தாம் இயலில் கூறுகிறார். வியப்பும் அதைத் தொடரும் சிரிப்பும், துயரும் அதைத் தொடரும் அழுகையும், செய்த தவற்றை எண்ணி நாணுவதும், வருங்காலத்தை எண்ணி அஞ்சுவதும் நம்புவதும் அவற்றுள் அடங்கும்.

நாணம் இல்லை, எதிர்காலக் கவலை இல்லை. ஆயினும் பகையை உணர்வதும் விலகுவதும் நாடுவதும் உண்டு. இப்படிப் பிரித்த பின் இப்னு ஸீனா நம் கேள்வியின் மையத்துக்கே வந்துவிடுகிறார். பழக்கப்பட்ட சிங்கம் தன்னை வளர்ப்பவனை உண்பதில்லை, ஏன்? உண்ணலாகாது என்னும் கொள்கையோ தீர்மானமோ அதற்கு இருப்பதனால் அன்று என்கிறார். ஒவ்வொரு விலங்கும் தனக்கு இன்பம் தரும் பொருள் இருப்பதையும் நீடிப்பதையும் இயல்பாகவே விரும்பித் தேர்கிறது. தனக்கு இரை தருபவன் பயன் தருபவன். பயன் தருவது இயல்பிலேயே இனிதாகிறது. ஆகவே வளர்ப்பவன் இனியவனாகிவிடுகிறான். இதனை அவர் பொறியியக்கம் என்று தள்ளிவிடவில்லை. 'ஹைஅத்துன் நஃப்ஸானிய்யா', அதாவது உளத்தின் ஒரு நிலை என்றே பெயரிடுகிறார். தன் குட்டியின்மீது விலங்கு கொள்ளும் பற்றையோ இறைவன் இயல்பில் ஊட்டிய உள்ளுதிப்பு என்று கூறி, அதற்கு 'ஹுப்பு' (அன்பு) என்னும் சொல்லையே ஆள்கிறார்.

'விரும்பித் தேர்கிறது' என்று நாம் மேலே எழுதிய இடத்தில் அவர் இட்டிருக்கும் வினை 'யுஃஸிரு' என்பது. அதன் பெயர்ச்சொல் 'ஈஸார்'. தம் தேவையிருக்கப் பிறர் தேவையை முற்படுத்திய மதீனத்து அன்ஸாரிகளின் பண்பைக் குறிக்க நம் மேடைகளில் ஒலிக்கும் அதே சொல். ஒன்றை மற்றொன்றினும் மேலாகக் கொள்ளல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். 'வெறும் விருப்பம்' என்று இன்று ஒதுக்கப்படும் ஒன்று, இப்னு ஸீனாவின் மொழியில் வெறுமையானதன்று. அது ஆன்மாவின் செயல். அதே வேளை, அது நாம் வேண்டும் அன்பும் அன்று. சிங்கம் விரும்புவது தனக்கு இனியதன் நீடிப்பை. இவ்விரண்டையும் ஒருசேரச் சொன்னதில்தான் அவருடைய நுட்பம் இருப்பதாக நாம் காண்கிறோம்.

இப்னு ஸீனா இவ்விடத்தில் பாம்பைப் பேசவில்லை, சிங்கத்தையே பேசினார். அவர் வகுப்பு பாம்புக்கும் பொருந்துமா என்பதை அறிய, பாம்போடு வாழ்ந்தோரையும் பாம்பைச் சோதித்தோரையும் கேட்க வேண்டும்.

தமிழகத்தில் முன்னவர் இருளர். செங்கல்பட்டுப் பகுதியில் தலைமுறைகளாகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இம்மக்கள், 1972இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடையும் வந்தபின் பிழைப்பை இழந்தனர். கிண்டிப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் மண்பானைகளில் சில வாரங்கள் மட்டும் வைத்திருந்து, வாரம் ஒரு முறையாக நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவர். இந்தியாவில் நஞ்சுமுறி மருந்துக்குத் தேவைப்படும் நஞ்சின் பெரும்பகுதி இச்சங்கம் வழங்கியதே. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்தனர் என 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. இப்பின்னணியில் இருளரின் பணி எத்தகையது என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இவர்களுடைய கலை முழுவதும் பாம்பின் விருப்பங்களை அறிவதிலேயே நிற்கிறது. எந்த எலிவளை அதற்குக் குளிர்ச்சி தரும், வெயில் ஏறினால் எங்கே ஒதுங்கும், மழைக்குப் பின் எப்போது வெளிவரும் என்பதை மண்ணில் கிடக்கும் தடத்தையும் உரித்த சட்டையையும் கொண்டே உய்த்துணர்கின்றனர். படமெடுத்த நல்லபாம்பு வெகுண்டு நிற்பதாக நாம் நினைக்கிறோம். கூர்ந்து பார்த்தால் அது பெரும்பாலும் அஞ்சி நிற்கிறது. வழி கிடைத்தால் போய்விடுகிறது. பாம்பாட்டியின் மகுடிக்கு அது மயங்குகிறது என்பதும் அவ்வாறே. அசையும் மகுடியைத் தீங்கென எண்ணி அதையே நோக்கித் தற்காத்து நிற்கிறது.

இனிச் சோதித்தோர். கனடாவின் வில்ஃப்ரிட் லோரியர் பல்கலைக்கழகத்தில் மோர்கன் ஸ்கின்னரும் நோம் மில்லரும் 40 இளம் கார்ட்டர் பாம்புகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. மறைவிடங்களில் பாம்புகள் கூட்டமாகச் சேர்ந்தன. ஆய்வாளர் அவற்றைக் கலைத்து இடம் மாற்றியபோதும் மீண்டும் முன்னைய துணைகளையே நாடின. சில துணிவுள்ளவையாகவும் சில கூச்சமுள்ளவையாகவும் இருந்தன. 2023இல் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தினர் கிலுகிலுப்பை விரியன்களின் இதயத்துடிப்பை அளந்தனர். அச்சுறுத்தப்பட்ட விரியன் தனியே இருந்தபோதைவிடத் தன் இனத்து விரியன் ஒன்று அருகில் இருந்தபோது துடிப்பு குறைவாகவே ஏறியது. துணைக்குப் பதிலாக ஒரு கயிற்றை இட்டுப் பார்த்தபோது அந்த ஆறுதல் கிட்டவில்லை. இதற்கும் முன்பே மிஷேல் கபனாக் என்னும் அறிஞர், பல்லியினத்தையும் ஆமையையும் கையில் எடுத்தால் அவற்றின் உடல் வெப்பம் ஏறுவதையும், தவளையில் அவ்வாறு நேராததையும் காட்டியிருந்தார். 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் அறிஞர் பலர் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்று, ஊர்வன உட்பட முதுகெலும்புள்ள உயிர்கள் அனைத்துக்கும் தன்னுணர்வு இருக்கக்கூடும் என்பதைப் புறக்கணிக்க இயலாத வாய்ப்பாக ஏற்றது.

இவற்றால் பெறப்படுவது யாது? பாம்புக்கு அச்சம் உண்டு. அச்சம் தணிவதும் உண்டு. துணைகளுக்குள் தேர்வும் உண்டு. தாய்மையும் சில இனங்களில் உண்டு. மலைப்பாம்பின் பெண் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை நடுக்கி வெப்பமூட்டி அடைகாக்கிறது. இப்னு ஸீனா 'ஹுப்பு' என்ற சொல்லை இதற்கும் மறுத்திருக்க மாட்டார். ஆனால் மேற்சொன்ன சோதனைகளில் எதுவும் பாம்பு மனிதனை நேசிப்பதாகக் காட்டவில்லை. இரண்டில் எது என்று கேட்போருக்கு, உளத்தின் நிலை என்று நம் ஆசிரியர் வைத்த பெயரே இன்றைய செய்திகளோடு நெருங்கி நிற்கிறது.

இதை ஏதோ ஏட்டுச் சச்சரவு என்று கொள்ள வேண்டா. வளர்ப்புப் பாம்பு வணிகம் இதன்மேல்தான் நடக்கிறது. அவ்வணிகத்தில் மிகுதியும் விலைபோவது மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. அஞ்சும்போது தலையை நடுவில் வைத்து உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்வதால் அப்பெயர் பெற்றது. அதன் அச்சமே அதன் வணிகப் பெயராயிற்று. வாங்குவோரோ அச்சுருளைச் சாந்தம் என்று எண்ணி மகிழ்கின்றனர். 2022 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து சென்னை வந்த பயணப்பைகளில் இருபது பாம்புகளைச் சுங்கத்துறையினர் கண்டனர். அவற்றுள் ஐந்து பந்து மலைப்பாம்புகள். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி வந்த ஒரு பயணியின் பெட்டியில் மட்டும் 47 மலைப்பாம்புகள் இருந்தன. நம் நாட்டுப் பாம்புகளை வளர்ப்பதைச் சட்டம் தடுத்துவிட்டதால் அயல்நாட்டுப் பாம்புகளுக்கு இந்த வழி திறந்தது. 2022இன் திருத்தச் சட்டமும் 2024இன் பதிவு விதிகளும், பன்னாட்டு உடன்படிக்கையில் இடம்பெற்ற இனங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிய வேண்டும் என்று ஆக்கியுள்ளன.

நம் மார்க்க அறிஞர்கள் வளர்ப்புயிர் பற்றிப் பேசுகையில் அபூ உமைர் என்னும் சிறுவரின் குருவியைச் சான்று காட்டுவர். அக்குருவி இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அச்சிறுவரிடம் பரிவோடு அதைப் பற்றிக் கேட்டார்கள். இச்சிறு நிகழ்ச்சியிலிருந்து எத்தனையோ சட்டக் குறிப்புகளை எடுத்து இப்னுல் காஸ் (இறப்பு ஹி. 335) தனி நூலே எழுதினார். பறவையைக் கூண்டில் வைக்கலாம் என்பது அவ்வாறு பெறப்பட்ட சட்டங்களுள் ஒன்று. அங்கே பதிவாகியிருக்கும் துயரம் சிறுவருடையது. குருவி என்ன உணர்ந்தது என்று சட்ட அறிஞர் வினவவில்லை. அவர்கள் வினவியது வேறு. பூனையைக் கட்டிவைத்து, உணவும் இடாமல், நிலத்துச் சிற்றுயிர்களைத் தின்று பிழைக்க அவிழ்த்தும் விடாமல் கொன்ற பெண்ணைப் பற்றிய நபிமொழியைக் கொண்டு, அடைத்து வைப்பவன்மீது அவர்கள் கடமையைச் சுமத்தினர். ஊட்ட வேண்டும், இயலாவிடில் விட்டுவிட வேண்டும். அப்பூனை அப்பெண்ணை நேசித்ததா என்பது வழக்கில் வரவே இல்லை.

பாம்பின் விற்பனை பற்றியும் சட்ட நூல்கள் பேசியுள்ளன. பயனற்ற ஊர்வன என்று ஷாஃபிஈ அறிஞர்கள் அதன் விற்பனையைச் செல்லாது என்றனர். மருந்துக்குப் பயன்படுமாயின் செல்லும் என்பது ஹனஃபி நூல்களில் காணப்படும் கருத்து. வடநெம்மேலியின் பானைகளை அவ்வறிஞர்கள் கண்டிருந்தால் எளிதில் அடையாளம் கண்டிருப்பர். வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியை எவ்வகையில் சேர்த்திருப்பர் என்பது ஆராயத்தக்கது.

ஊட்டல், விடுவித்தல் என்னும் இரு வழிகளையும் பந்து மலைப்பாம்பின்மேல் வைத்துப் பார்ப்போம். அதற்குப் பெட்டியின் ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருக்க வேண்டும், முழுவதும் மறைந்துகொள்ள ஓரிடம் வேண்டும், எலியே இரை. இவற்றில் ஒன்று பிசகினாலும் அது உண்ண மறுக்கும். மாதக்கணக்கில் மறுப்பதும் உண்டு. வளர்ப்பவர் அதனைக் கோபித்துக்கொண்டதாக எண்ணிக் கொஞ்சுவார். அது வேண்டியதோ மறைவிடமாக இருக்கக்கூடும். அதன் விருப்பங்களை அறியாதவரால் ஊட்டல் என்னும் கடமையையே நிறைவேற்ற இயலாது.

விடுவித்தலோ இன்னும் கடினம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்த்துச் சலித்தோர் சதுப்பு நிலத்தில் விட்ட பர்மிய மலைப்பாம்புகளும் கூடங்களிலிருந்து தப்பியவையும் பெருகி, அங்குள்ள முயல்களையும் மற்றச் சிறு விலங்குகளையும் அருகச் செய்துவிட்டன. 2012இல் அந்நாட்டு அரசு அவற்றை இறக்குமதி செய்வதற்குத் தடை விதித்தது. அவற்றைப் பிடிக்க 2017இல் நம் வடிவேலும் மாசியும் அங்கே அழைக்கப்பட்டு, சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்தனர். நொய்யல் கரையில் ஆப்பிரிக்கப் பாம்பை அவிழ்த்துவிடுவது இங்குள்ள உயிர்களுக்கும் தீங்கு, அப்பாம்புக்கும் தீங்கு. நபிமொழி காட்டிய இரண்டாம் வழி, அயல்நாட்டுப் பாம்பை வாங்கியவருக்கு வாங்கிய அன்றே அடைபட்டுவிடுகிறது. அப்பாம்பு இருபது முப்பது ஆண்டுகள் வாழும்.